டாக்டோரல் கமிட்டியில் இன்னொரு நாற்காலி வேண்டும்

புற்றுநோய், கிருமித்தொற்று போன்ற தலைப்புகளில் பொறியியல் மாணவர்கள் பிஎச்.டி. செய்வதும், அவர்களுடைய ஆய்வை மேற்பார்க்கும் டாக்டோரல் கமிட்டியில் ஒரு மருத்துவர் உட்காருவதும் இப்போது நம் ஊரில் புதிதல்ல. ஐஐடி மெட்ராஸ், வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம் மூன்றும் கைகோத்து கிளினிக்கல் இன்ஜினியரிங்கில் (மருத்துவமனைத் தேவைகளுக்கான பொறியியல்) எம்.டெக். படிப்பே கொண்டுவந்தன. மிக நல்ல விஷயம். ஆனால் பரிணாம உயிரியல் படித்த ஒருவரை இந்தக் கமிட்டிகளில் நான் பார்ப்பது அபூர்வம். நோயாளிகளுக்கே நஷ்டம் தரும் குறை இது என்று நினைக்கிறேன்.

ஏன் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் மொஃபிட் புற்றுநோய் மையத்தில் ராபர்ட் கேட்டன்பி என்ற கதிரியல் மருத்துவர் இருக்கிறார். முட்டைக்கோசைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி எந்த மருந்தடித்தாலும் கொஞ்ச காலத்தில் அதற்குப் பழகிவிடும் அல்லவா? புற்றுநோய்க் கட்டிக்குள்ளும் அதேதான் நடக்கிறது என்றார் அவர். மருந்துக்குச் சாகும் செல்களும் இருக்கும், சாகாதவையும் கொஞ்சம் இருக்கும். முழு வீச்சில் மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் முதல் வகை அழிந்துபோகும். போட்டிக்கு ஆளில்லாமல் இரண்டாம் வகை பெருகிவிடும். இதுவும் பரிணாமம்தான்.

அதனால் அவருடைய குழு, பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுநோய்க்கு அபிராட்டிரோன் மருந்தை விட்டுவிட்டுக் கொடுத்துப் பார்த்தது. ரத்தத்தில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் புரதம், நோயின் போக்கைக் காட்டுவது) அளவு பாதியாகக் குறைந்ததும் மருந்தை நிறுத்துவார்கள். பழைய அளவுக்கு ஏறினால் மறுபடி தொடங்குவார்கள். எப்போது நிறுத்துவது என்ற யோசனைக்குப் பின்னால் இருந்தது, செல் வகைகளுக்கு இடையிலான போட்டியைக் கணக்கிடும் கணித மாதிரி. 2017இல் வெளியான முதல் முடிவுகளில் இருந்தவர்கள் 11 நோயாளிகள். வழக்கமான மருந்தளவில் பாதிக்கும் குறைவாகவே செலவானது, நோயும் நீண்ட காலம் கட்டுக்குள் இருந்தது. சின்ன ஆய்வுதான், பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் தேவை. இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் மருத்துவம், கணக்கு, பரிணாமம் மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

கிருமிகளிலும் இதே கதைதான். ஹார்வர்டில் ராய் கிஷோனியும் மைக்கேல் பேமும் 2016இல் வெளியிட்ட வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். நான்கடி நீளத் தட்டில் ஆன்டிபயாடிக் அளவைப் படிப்படியாகக் கூட்டிவைத்தார்கள். ஈ.கோலை கிருமி இரண்டு வாரத்துக்குள் முதலில் தன்னைத் தடுத்த அளவைப்போல் ஆயிரம் மடங்கு மருந்தையும் தாண்டி வளர்ந்தது. கிஷோனி பிஎச்.டி. வாங்கியது இயற்பியலில், பேம் கணிதத்தில்.

நம் மாணவர்கள் இப்படித் துறை தாண்டப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. உதவிப் பேராசிரியர் நேர்காணலில் "உங்கள் பிஎச்.டி. எந்தத் துறையில் சேரும்?" என்று கேட்டே கழித்துவிடுவார்கள். அந்த வழக்கம் மாற நாளாகும். இடையில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி பிஎச்.டி. மாணவர் படிக்க வேண்டிய பாடங்கள், அதாவது கோர்ஸ் ஒர்க், குறைந்தது 12 கிரெடிட். கிருமியிலோ புற்றுநோயிலோ ஆய்வு செய்பவருக்கு அதில் ஒரு தாள் பரிணாம உயிரியலாக இருக்கட்டும். கமிட்டியில் அந்தத் துறையிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்கட்டும். பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் துறையிலேயே ஆள் கிடைப்பார்.

கைடாக இருக்கும் நண்பர்கள் யாராவது ஏற்கனவே இப்படிச் செய்திருந்தால், பல்கலைக்கழகத்தில் எப்படி அனுமதி வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். இந்த வருடம் பதிவு செய்யும் மாணவர்களுக்கு அது உடனே உதவும்.