அதற்கு இருக்கும் மரியாதை எனக்கில்லை

கும்பகோணத்து வீட்டுக்குத் தரை பெருக்கும் ரோபோ வாங்கினாலும் வாங்கினேன், என் மவுசு போயிற்று. நேற்று பூஜையறை மாக்கோலத்தை ஈரத்துணியால் மெழுகிவிட்டுப் போனது. "பாவம், அதுக்கு என்ன தெரியும்?" என்கிறார் அம்மா. அதையே நான் மிதித்திருந்தால்?

முற்றத்து விளிம்பில் அது திரும்பினால், "புள்ள பயப்படுதுடா!" பயமில்லையம்மா, பள்ளத்தைக் கண்டுபிடிக்க அடியில் அகச்சிவப்பு சென்சார் இருக்கிறது என்றால் கேட்பதில்லை.

1966-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞானி வைசன்பாம் வெளியிட்ட எலிசா, சொன்னதையே கேள்வியாகத் திருப்பும் வெறும் நிரல். அதனோடு தனியாகப் பேச, அவருடைய செயலாளரே அவரை வெளியே போகச் சொன்னாராம். சரி, அம்மாவைச் சொல்லி என்ன?

என் டிகிரி காபி ஆறுகிறது. அம்மா கட்டிலடியில் குனிந்து, "தங்கம், ஒயரை விடுடா" என்று கொஞ்சிக்கொண்டிருக்கிறார்.