ஒரு சென்சார் செத்தா நாலு சக்கரமும் ஏன் ஸ்டிரைக் பண்ணணும்?

மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். எதிர்ல ஒரு களிமண் மேடு. பயங்கர செங்குத்துன்னு எல்லாம் சொல்ல முடியாது, என்னோட பழைய வண்டியா இருந்தா லோ கியர்ல போட்டுட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டாலும் அதுபாட்டுக்கு ஊர்ந்து ஏறியிருக்கும். இந்தப் புது வண்டியில லிவர் கிடையாது, ஒரு வட்டமான திருகு. அதைத் திருப்பி ஃபோர் லோல, அதான் நாலு சக்கரமும் மெதுவா ஆனா பலமா இழுக்குற லோ கியர்ல வச்சேன். மீட்டர்ல லைட் மினுக்குது, மினுக்குது, மினுக்கிக்கிட்டே இருக்கு, உள்ள விழவே மாட்டேங்குது. அப்புறம் வரிசையா ஆரம்பிச்சுது பாருங்க, பிரேக் அடிச்சா சக்கரம் பூட்டிக்காம பாக்குற ஏபிஎஸ் லைட், சக்கரம் வழுக்கிச் சுத்தாம பாக்குற டிராக்ஷன் கன்ட்ரோல் லைட், இறக்கத்துல வண்டியைப் பிடிச்சு இறக்குற சிஸ்டம் இப்ப வேலை செய்யாதுன்னு ஒரு மெசேஜ், ஹில் ஹோல்டு வேலை செய்யாதுன்னு இன்னொண்ணு, கடைசியா "சர்வீஸ் சென்டரை அணுகவும்". போன்ல ஒரு கோடு சிக்னல் இல்ல. யாரைப் போய் அணுகுறது?

வண்டியை ஆஃப் பண்ணி, கதவைப் பூட்டி, பத்து நிமிஷம் கழிச்சுத் திறந்து பாத்தாச்சு. பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டி மாட்டியாச்சு. கூட வந்த மச்சான் "கம்ப்யூட்டர் மாதிரி ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு"ன்னு நாலாவது தடவை சொன்னப்போ எனக்கு வந்த கோவத்துல அவனைத்தான் ரீஸ்டார்ட் பண்ணியிருப்பேன். கடைசியில ஒரு பழைய டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்துச்சு. அந்த டிராக்டர்ல மீட்டர் கண்ணாடியே இல்ல, முள்ளும் இல்ல. ஓட்டிக்கிட்டு வந்தவரு கயிறை அவுத்துக்கிட்டே கேட்டாரு, "ஏண்ணே, இது நாலு சக்கரமும் இழுக்குற வண்டிதானே?" பதில் சொல்ல வாய் வரல.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அன்னைக்கு அந்த வண்டியில இன்ஜின் நல்லா இருந்துச்சு, கியர்பாக்ஸ் நல்லா இருந்துச்சு, முன்னாடி பின்னாடி சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிச்சுக் கொடுக்குற டிரான்ஸ்ஃபர் கேஸ் நல்லா இருந்துச்சு, ரெண்டு ஆக்சிலும் நல்லா இருந்துச்சு. இரும்புன்னு எதெல்லாம் உண்டோ அதெல்லாம் முழுசா இருந்துச்சு. கெட்டுப்போனது ஒரே ஒரு வயர். அதுவும் பின் இடது சக்கரத்தோட வேகத்தைப் படிக்கிற சென்சாருக்குப் போற வயர்.

அது எப்படி லோ கியரைத் தடுக்கும்னு எனக்கும் முதல்ல புரியல. விஷயம் இதுதான். லோல மாத்தணும்னா வண்டி நிக்கணும், இல்ல கிட்டத்தட்ட நின்ன மாதிரி ஊரணும், கியர் நியூட்ரல்ல இருக்கணும். லிவர் இருந்த காலத்துல நின்னுடுச்சான்னு பாக்குற வேலை நம்ம கண்ணோடது. இப்ப அந்த வேலையைப் பாக்குறது ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, அது சக்கர சென்சார்களைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கும். ஒரு சென்சார் உளறுச்சுன்னா "வண்டி நிக்குதான்னே எனக்கு உறுதியா தெரியல, மாத்த மாட்டேன்"னு லோ கியருக்கு மாத்துற மோட்டாரைச் சுத்த விடாது. அதே சென்சாரை நம்பித்தான் ஏபிஎஸ், டிராக்ஷன், ஹில் ஹோல்டு எல்லாமே இருக்கு, அதனால எல்லாம் சேர்ந்து கையைத் தூக்கிடும். நம்ம கண்ணுக்கு ஒரே நேரத்துல ஆறு பழுது வந்த மாதிரி தெரியும், உண்மையில ஒண்ணுதான்.

சேறு, தண்ணி, கல்லு இதுக்காகவே விக்கிற வண்டியில, சேறும் தண்ணியும் கல்லும் முதல்ல படுற இடத்துல அந்த சென்சார் உக்காந்திருக்கு. இதை யோசிச்சவங்க மண் ரோட்டுல வண்டி ஓட்டியிருக்காங்களா இல்லையான்னு எனக்கு அப்பப்ப சந்தேகம் வரும்.

சர்வீஸ் சென்டர் கதைக்கு வரேன். ஸ்கேனர் போட்டாங்க, பின் இடது சக்கர சென்சார்னு எரர் கோடு வந்துச்சு, சென்சாரை மாத்திட்டாங்க. சரியாப் போச்சுன்னு நானும் சந்தோஷமா வந்தேன். ரெண்டு வாரம். திரும்ப அதே லைட். மறுபடி போனா, "அப்போ ஏபிஎஸ் மாட்யூலா இருக்கலாம் சார், மாத்திப் பாக்கலாம்". மாட்யூல்னா அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிதான். மாத்திப் பாக்கலாமாம்! டாக்டர் இப்படிச் சொன்னா நாம உக்காந்திருப்போமா, கிட்னியா இருக்கலாம் மாத்திப் பாக்கலாம்னு. எரர் கோடுங்கிறது புகார் எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லும், குத்தவாளி யாருன்னு சொல்லாது. அந்த சர்க்யூட்ல எங்கேயோ கோளாறுன்னுதான் அதுக்கு அர்த்தம், சென்சார் செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. இதைச் சொல்லிக் கொடுக்காம ஸ்கேனரை மட்டும் கையில கொடுத்தா இப்படித்தான் ஆகும்.

கடைசியில கண்டுபிடிச்சது தெரிஞ்ச ஒரு வயசான எலக்ட்ரீசியன். ஸ்கேனரைத் திறக்கவே இல்ல மனுஷன். வண்டிக்கு அடியில படுத்து, சென்சார் வயரு பாடி வயரிங்கோட சேருற கப்ளரைக் கழட்டினாரு. புது சென்சார் பக்கம் பளிச்சுன்னு இருக்கு. பாடி பக்கத்து வயரை ரெண்டு விரலால பிடிச்சு மெதுவா இழுத்துப் பாத்துக்கிட்டே வந்தாரு, கப்ளர்ல இருந்து ஒரு ஜாண் தள்ளி, கிளிப் மாட்டியிருக்கிற இடத்துல, வயர் ரப்பர் பேண்டு மாதிரி நீண்டுச்சு. "பாத்தீங்களா, உள்ள கம்பி இல்ல, அதான் நீளுது"ன்னாரு. மேல உறை முழுசா இருக்கு, கீறல்கூட கிடையாது. உரிச்சா உள்ள செம்பு பச்சை பூத்துப் பொடியாக் கொட்டுது. சக்கரம் மேல கீழ ஆடும்போதெல்லாம் அந்த இடம் வளைஞ்சு வளைஞ்சு, ஈரம் உள்ள இறங்கி, அரிச்சிருக்கு. நல்ல ரோட்டுல போகும்போது மிச்ச இழை ஒட்டிக்கிட்டு இருக்கும், மேட்டுல சக்கரம் தொங்கினா விட்டுப் போயிடும். அதனாலதான் சர்வீஸ் சென்டர் தரையில நிறுத்திச் செக் பண்ணப்போ எல்லாம் சரியா காட்டியிருக்கு. வெட்டி, சால்டர் வச்சு, சுருங்குற ட்யூப் போட்டு மூடினாரு. இருபது நிமிஷ வேலை.

இன்னொரு விஷயமும் அவருகிட்டதான் கத்துக்கிட்டேன். வண்டியில இருக்குற கம்ப்யூட்டர் பெட்டிங்க எல்லாம் பேசிக்கிறது ரெண்டே வயர்லதான், முறுக்கிப் பின்னின ஜோடி வயர். கேன் பஸ்னு பேரு, பாஷ் கம்பெனி 1986ல வெளியிட்டது. ஒரே திண்ணையில உக்காந்து எல்லாரும் பேசுற மாதிரி, ஒருத்தன் சொல்றது எல்லாருக்கும் கேக்கும், தேவைப்பட்டவன் எடுத்துக்குவான். முன்னாடி ஒவ்வொண்ணுக்கும் தனி வயர் இழுத்துக்கிட்டு இருந்ததுக்கு இது அருமையான யோசனை, இதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா திண்ணையில ஒரு குடிகாரன் ஏறி உக்காந்து கத்த ஆரம்பிச்சா? யாரு பேசுறதும் யாருக்கும் கேக்காது. தண்ணி புகுந்த ஒரு பெட்டி, ஷார்ட் ஆன ஒரு டிரெய்லர் சாக்கெட், ஆர்வக்கோளாறுல யாரோ தப்பா இழுத்த ஒரு எக்ஸ்ட்ரா லைட் வயர், இதுல ஒண்ணு போதும், டேஷ்போர்டு முழுக்க சீரியல் செட் போட்ட மாதிரி ஆயிடும். அப்ப முதல்ல பாக்க வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். பேட்டரியைக் கழட்டிட்டு, ஸ்கேனர் மாட்டுற 16 பின் சாக்கெட்ல 6க்கும் 14க்கும் நடுவுல மல்டிமீட்டர் வச்சா பெரும்பாலான வண்டியில 60 ஓம் கிட்ட காட்டணும். ரெண்டு முனையிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்குறதால அந்தக் கணக்கு. 120 காட்டுச்சுன்னா ஒரு பக்கம் அறுந்திருக்கு, பூஜ்யத்துக்குப் பக்கத்துல காட்டுச்சுன்னா ஷார்ட். சில வண்டியில அந்த சாக்கெட்டுக்கும் உள் லைனுக்கும் நடுவுல கேட்வேன்னு ஒரு பெட்டி இருக்கும், அங்க இந்தக் கணக்கு முழுசா ஒத்து வராது, இருந்தாலும் மாட்யூலை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாக்குறதுக்கு என்ன கேடு?

அதுக்கும் முன்னாடி பேட்டரி. இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில 12.6 வோல்ட் இருந்தா ஃபுல், 12.2க்கு வந்துட்டா பாதிதான் மிச்சம். ஸ்டார்ட் அடிக்கும்போது அது இன்னும் கீழ இறங்கும், அப்ப சில பெட்டிங்க மயக்கம் போட்டு எந்திரிக்கும், எந்திரிச்சு பக்கத்துப் பெட்டியைக் காணோம்னு புகார் எழுதி வச்சுடும். அந்தக் கோடை நம்பிப் பார்ட்டு வாங்குனா வாங்கிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். எர்த் போல்ட்டுல துருவும் அதே வேலையைத்தான் பண்ணும். சன்ரூஃப் இருக்குற வண்டியா இருந்தா அதோட தண்ணி வடியுற ட்யூப் அடைச்சிருக்கான்னும் பாருங்க, ஏன்னா அந்தத் தண்ணி சத்தமில்லாம கார்பெட்டுக்கு அடியில தேங்கும், அங்கதான் பல கம்பெனிக்காரங்க பெட்டியையும் கப்ளரையும் வச்சிருக்காங்க. ஆறு தாண்டுற வண்டி மழையில நனைஞ்சு சாகுறது இப்படித்தான்.

டீசல்காரங்க வேதனை தனி. புகையில இருக்குற கரியை டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் பிடிச்சு வைக்கும், அப்பப்ப 600 டிகிரி சூட்டுக்கு ஏத்தி எரிச்சு சுத்தம் பண்ணிக்கும். அதுக்கு வண்டி கொஞ்ச நேரம் விடாம சீரா ஓடணும். நாம என்ன பண்றோம், லோ கியர்ல மணிக்கணக்கா ஊர்றோம், இல்லன்னா பக்கத்துல போயிட்டு அஞ்சு நிமிஷத்துல திரும்பி வரோம். ரெண்டுமே அதுக்கு ஆகாது. அது எரிச்சுக்கிட்டு இருக்குற நேரத்துல காய்ஞ்ச புல்லு மேல நிறுத்தினா தீ பிடிக்க வாய்ப்பு இருக்கு, இது மேனுவல்லயே இருக்கும், யாரும் படிக்கிறது இல்ல. பல வண்டியில இப்ப எரிச்சுக்கிட்டு இருக்கேன்னு ஒரு லைட்டாவது போட்டுக் காட்டவும் மாட்டாங்க. ஆட்ப்ளூ இருக்கே, புகையைச் சுத்தம் பண்ண ஊத்துற, தண்ணியில 32.5 சதவீதம் யூரியா கலந்த திரவம், டேங்க் நிறைய அது இருந்தாலும் புகையில நைட்ரஜன் ஆக்சைடை அளக்குற நாக்ஸ் சென்சார் பழுதானா "இன்னும் இத்தனை கிலோமீட்டர், அப்புறம் ஸ்டார்ட் ஆகாது"ன்னு சில வண்டி எண்ண ஆரம்பிச்சுடும். காத்து கெடக்கூடாது, சட்டம் அதுக்காகத்தான், ஒத்துக்கறேன், அந்தப் புகையைச் சுவாசிக்கிறதும் நாமதானே. ஆனா ஆள் அரவமில்லாத இடத்துல குடும்பத்தோட போறவனுக்கு அந்த எண்ணிக்கை ஓடுறதைப் பாத்தா வயித்தைக் கலக்குமா கலக்காதா?

இதைப் படிச்சுட்டு "எலக்ட்ரானிக்ஸே வேண்டாம்ங்கறியா, மாட்டு வண்டி வாங்கிக்கோ"ன்னு ஒருத்தர் வருவாரு, தெரியும். வேண்டாம்னு நான் சொல்லல. வண்டி சறுக்கினா தானா பிரேக் பிடிச்சு நேராக்குற இஎஸ்சி 1995ல ஒரு சொகுசு கார்ல வந்தது, அமெரிக்காவுல 2012 மாடல்ல இருந்து எல்லா காருக்கும் கட்டாயம், ஐரோப்பாவுல 2014 நவம்பர்ல இருந்து எல்லா புது காருக்கும். உயரமான, கனமான வண்டி வளைவுல கவுறாம காப்பாத்துறதுல அதுக்கு ஈடே கிடையாது. சுத்துற சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிச்சு எதிர் சக்கரத்துக்கு இழுவையைத் தள்ளுற வித்தையையும் கண்ணால பாத்திருக்கேன், புதுசா ஓட்டுறவன்கூட ஏறிடுறான். மணல்ல அதே இஎஸ்சி சக்கரம் சுத்துதேன்னு பவரை வெட்டி நம்மளைப் புதைச்சுடும், சரி, அதுக்கு ஆஃப் பட்டன் இருக்கு. ஆனா ஆஃப் பண்ணினதைச் சில வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததும் தானா ஆன் பண்ணிக்குது, அப்ப பட்டன் எதுக்கு, அழகுக்கா?

என் கோவம் வேற. ஒண்ணு கெட்டா அது மட்டும் நிக்கணும். சென்சார் போச்சா, ஏபிஎஸ் இல்லாம போ, டிராக்ஷன் இல்லாம போ, நான் பாத்து ஓட்டிக்கறேன், ஆனா பல்லுச்சக்கரம் நல்லா இருக்கும்போது லோ கியரைத் தர மாட்டேன்னு சொல்ல நீ யாரு? "நான் நிறுத்தியிருக்கேன், பிரேக்ல கால் வச்சிருக்கேன், என் பொறுப்புல மாத்து"ன்னு சொல்ற மாதிரி ஒரு வழி வைக்கிறதுக்குப் பெரிய ராக்கெட் விஞ்ஞானமா வேணும்? 1984ல வந்த டொயோட்டா லேண்ட் குரூசர் 70 சீரிஸை இன்னைக்கும் சில நாட்டுல புதுசாவே வாங்குறாங்கன்னா அது பழமை மேல உள்ள பாசம் இல்ல, லிவரை இழுத்தா விழும்கிற நம்பிக்கை. 2004ல லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3ல மண்ணு, மணலு, பாறைன்னு திருகி வைக்கிற டெரெய்ன் ரெஸ்பான்ஸ் வந்ததும் எல்லாரும் அது பின்னாடி ஓடினாங்க, ஓடட்டும், திருகுக்கு அடியில ஒரு மாத்து வழி வச்சுட்டு ஓடியிருக்கலாம்.

அடுத்தது, என்ன கெட்டுச்சுன்னு எனக்குச் சொல்லணும். வண்டிக்கு உள்ளேயே தெரியும், பின் இடது சக்கரம்னு. அதை அவ்வளவு பெரிய ஸ்கிரீன்ல ஒரு வரி எழுதினா என்ன குறைஞ்சு போகும்? பாட்டுக்கு அட்டைப்படம் எல்லாம் காட்டுது அந்த ஸ்கிரீன். அதுக்கு மேல, பழைய வண்டியில இருந்து ஒரு மாட்யூலைக் கழட்டிப் போட்டா அது வேற வண்டியோடதுன்னு கண்டுபிடிச்சு வேலை செய்யாம உக்காந்துக்குது, கோடிங் பண்ண ஆன்லைன்ல அனுமதி வேணுமாம். திருட்டைத் தடுக்கன்னு சொல்றாங்க, கொஞ்சம் உண்மையும் இருக்கு, ஆனா அதே சாவி நம்ம வீதி மெக்கானிக் கைக்கும் வராம போயிடுது. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல 2012லயே இதுக்குச் சட்டம் போட்டாங்க, ஆஸ்திரேலியாவுல 2022 ஜூலையில இருந்து கம்பெனிங்க ரிப்பேர் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் காசுக்காவது கொடுத்தாகணும். கேட்டா கிடைக்குது, கேக்காத வரைக்கும் யாரும் கொடுக்கப் போறதில்ல.

வயரைச் சரி பண்ணி ஏழு மாசம் ஆச்சு. அதே மேட்டுக்கு ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டேன், லோ கியர் முதல் திருப்புலயே விழுந்துச்சு, மச்சான் கை தட்டினான். மல்டிமீட்டர் ஒண்ணு வாங்கி டேஷ்போர்டு அறைக்குள்ள போட்டு வச்சிருக்கேன். நேத்து காலையில ஸ்டார்ட் பண்ணினா டயர் பிரஷர் லைட் எரியுது. நாலு டயரையும் கேஜ் வச்சுப் பாத்தேன், ஸ்டெப்னியையும் பாத்தேன். காத்து எல்லாத்துலயும் சரியாத்தான் இருக்கு.