700 நியூட்டன் மீட்டரும் ஒரு வீணையும்

சுகுமாறன்: அண்ணே, மலை ஏறுவதற்கு எந்த டீசல் எஞ்சின் சிறந்தது? ஒரே வரிசையில் நிற்கும் ஆறு சிலிண்டரா, வி வடிவத்தில் பிரிந்து நிற்கும் ஆறா, இல்லை பழைய வி எட்டா?

மாணிக்கம்: எந்த மலை என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும், தம்பி. நம் பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் டுரியான் தோட்டங்களுக்கு ஏறும் மண்பாதை என்றால், ஒரு மழை பெய்த மறுநாள் அது பாதையா வாய்க்காலா என்றே தெரியாது. உன் மாமனாரின் தோட்டம் ஒருவழியாக உன் பொறுப்புக்கு வந்துவிட்டதா?

சுகுமாறன்: தோட்டத்தை விடுங்கள். ஏற்றம் செங்குத்தானது, திருப்பத்துக்குத் திருப்பம் எதிரே யார் வருகிறார்கள் என்பது தெரியாது, மேலே போகப் போக இருட்டாகவும் இருக்கும். தினமும் குறைந்தது இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும்.

மாணிக்கம்: காய் விழும் பருவத்தில் அப்படித்தான் ஏற வேண்டியிருக்கும். அப்படியானால் என்னைக் கேட்டால் 1990இல் வந்த 1எச்இசட் எஞ்சின் பூட்டிய பழைய டொயோட்டா லேண்ட் குரூசர் ஒன்றைத் தேடிப் பிடி என்பேன். 4.2 லிட்டர், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், காற்றைத் திணித்து ஊதும் டர்போ கிடையாது. எண்ணெய் பாய்ச்சும் பம்புகூட முழுக்க முழுக்க இயந்திரத்தால் ஓடுவது. நடுக்காட்டில் அது நின்றுபோனால் கையில் ஸ்பேனர் இருப்பவன் எழுப்பிவிடுவான். கணினியை எடுத்துக்கொண்டு ஒருவன் மலை ஏறி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சுகுமாறன்: அதன் முறுக்குவிசை, அதாவது இழுவை, வெறும் 285 நியூட்டன் மீட்டர்தானே, அண்ணே! 2021இல் வந்த லேண்ட் குரூசர் 300இல் 3.3 லிட்டர் வி ஆறு, இரண்டு டர்போ, பத்து கியர், நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே 700 நியூட்டன் மீட்டர் முழுதாகக் கிடைத்துவிடுகிறது. அதற்கு முந்திய 200இல் இருந்த 4.5 லிட்டர் வி எட்டுகூட 650தான் கொடுத்தது. எட்டைவிட ஆறு அதிகம் கொடுக்கிறது என்பதைக் கவனித்தீர்களா?

மாணிக்கம்: கவனித்தேன். எட்டில் எண்ணெய் தெளிக்கும் இன்ஜெக்டர் எட்டு, ஆறில் ஆறு. பழுது வந்தால் உன் பையிலிருந்து போகும் பணத்திலும் அந்த வேறுபாடு தெரியும். இழுவை என்று நீ சொல்வதையும் சற்று நிதானமாகப் பார்ப்போம். சறுக்கும் மண்ணில் வேகம் எதற்கு? லோ ரேஞ்ச் என்னும் மெதுவான கியரில் போட்டால் கியர் பெட்டி அந்த இழுவையை ஏறக்குறைய 2.5 மடங்காகப் பெருக்கித் தருகிறது. 285ஐ 2.5ஆல் பெருக்கிப் பார், உன் 700 அங்கேயே வந்துவிட்டது.

சுகுமாறன்: அப்படிப் பார்த்தால் என் வண்டிக்கும் லோ ரேஞ்ச் உண்டே, 700ஐ 2.6ஆல் பெருக்கினால் 1,800ஐத் தாண்டுகிறது!

மாணிக்கம்: தாண்டட்டும். அந்த மலையும் அவ்வளவு கேட்கிறதென்றால் வாங்க வேண்டியதுதான். வழியில் ஆறு, ஓடை ஏதாவது உண்டா?

சுகுமாறன்: உண்டு. வருடத்தில் சில நாள்கள் தண்ணீர் முழங்காலுக்கு மேலேயே நிற்கும்.

மாணிக்கம்: அதற்கு டீசல் பொருத்தம்தான். டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை நெருக்கும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்வதால், ஈரம் பட்டுத் தீப்பொறி அணைந்துபோகும் தொல்லை இல்லை. ஆனால் காற்று உறிஞ்சும் வாய்க்குத் தண்ணீர் ஏறிவிட்டால் பெட்ரோலைவிட டீசலுக்குத்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் டீசல் அவ்வளவு இறுக்கமாக நெருக்குகிறது. காற்று நெருக்குவதற்கு இடம் கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது. மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். லேண்ட் குரூசர் 300க்கு 700 மில்லிமீட்டர் ஆழம்வரை என்று கணக்கு. காற்று சஸ்பென்ஷன் உள்ள லேண்ட் ரோவர் டிஃபெண்டரைத் தூக்கி நிறுத்தினால் 900.

சுகுமாறன்: டிஃபெண்டரையும் ஒப்பிட்டுவிட்டேன். மூன்று லிட்டர், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், 48 வோல்ட் மின் துணை, டி300 என்றால் 650 நியூட்டன் மீட்டர். ஐம்பது குறைகிறதே என்றுதான் மனம் ஒப்பவில்லை. தண்ணீருக்காக நான் ஸ்நோர்க்கல், அதாவது காற்று உறிஞ்சும் வாயைக் கூரைவரை உயர்த்தும் குழாய், போட்டுக்கொள்வேன். கூரைமேல் சட்டமும் அதன்மேல் கூடாரமும் பட்டியலில் இருக்கின்றன.

மாணிக்கம்: நல்லது, காவலுக்கு இரவில் தோட்டத்திலேயே படுத்துக்கொள்ளலாம். கடைசியாகச் சுமையைச் சொல். எத்தனை கூடை ஏற்றுவாய்?

சுகுமாறன்: கூடையா? நீளமான சரக்கு ஒன்று, அண்ணே. விலை உயர்ந்தது, எளிதில் உடையக்கூடியது. வாரத்தில் இரண்டு நாள்கள் பின்னிருக்கையை மடித்துத்தான் வைக்க வேண்டும்.

மாணிக்கம்: மருந்தடிக்கும் இயந்திரமா?

சுகுமாறன்: மகளின் வீணை.

(பட்டறையில் இந்த இடத்தில் ஓர் அமைதி நிலவியது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும், பக்கத்துப் பட்டறையில் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். மாணிக்கம் மட்டும் கையிலிருந்த துணியால், ஏற்கெனவே துடைத்துவிட்ட ஸ்பேனரை மறுபடியும் துடைத்தார்.)

மாணிக்கம்: தம்பி, அந்த மலை எங்கே இருக்கிறது?

சுகுமாறன்: எங்கள் கொண்டோவில்தான், அண்ணே. எனக்கு ஒதுக்கியிருக்கும் கார் நிறுத்துமிடம் ஏழாவது மாடியில். அந்தச் சுழல் ஏற்றத்தில் என் சின்ன மைவி கார் மூச்சு வாங்குகிறது.

மாணிக்கம்: ஆறு?

சுகுமாறன்: ஜாலான் பி. ரம்லி. மழை கொட்டினால் அங்கே வெள்ளம் ஏறுவது உங்களுக்குத் தெரியாததா?

மாணிக்கம்: தெரியும். அங்கே குடியிருப்பவர்கள் வீட்டுக்குள்ளிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கும்போது, ஸ்நோர்க்கல் வைத்த ஒருவன் உள்ளே பாய்ந்து, அலை எழுப்பி, இறைத்த தண்ணீரை மறுபடியும் அவர்கள் வாசலுக்கே அனுப்பிவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறேன். அந்த நாளில் வேறு சாலையில் சுற்றிக்கொண்டு போவதற்கு எத்தனை நியூட்டன் மீட்டர் தேவைப்படும்?

சுகுமாறன்: கேலி வேண்டாம், அண்ணே. தொழில்நுட்பக் கேள்விக்குத் தொழில்நுட்பப் பதில் சொல்லுங்கள்.

மாணிக்கம்: சொல்கிறேன். நீ சொல்லும் வி ஆறில் இரண்டு டர்போக்களும் எஞ்சினின் இரு கைகளுக்கு நடுவே, அந்த வி பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. புகை டர்போவுக்குப் போகும் வழி குறுகுவதால் அது சட்டென்று விழித்துக்கொள்ளும், நல்ல யோசனை. சூடெல்லாம் அங்கேயே சேரும், என் கை அங்கே நுழையாது. அது உன் கவலையல்ல, என் கவலை. உன் கவலை புகைக்குழாயில் இருக்கும் கரி வடிகட்டி. கரி சேரச் சேர, ஏறக்குறைய 600 டிகிரிச் சூட்டில் அதை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அந்தச் சூடு நிலைப்பதற்கு வண்டி நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓட வேண்டும். நீ வீட்டிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு நெரிசலில் நகர்ந்து போய், மாலையில் வீணை வகுப்பு வாசலில் ஏர்கோனுக்காக எஞ்சினை ஓடவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தால், கரி எரியாது, அடைத்துக்கொள்ளும்.

சுகுமாறன்: அதற்கு என்ன செய்வது?

மாணிக்கம்: நாயை நடைக்குக் கூட்டிப்போவது போல, அவ்வப்போது அதைப் பினாங்குப் பாலம் தாண்டிக் கூட்டிப்போக வேண்டும். பாலத்தின் 13.5 கிலோமீட்டர் போதாது, தைப்பிங்வரை விட்டுத் திரும்பி வா. திரும்பும்போது பாலத்துக்கு 7 வெள்ளி சுங்கம். வீணையைக் கொண்டுபோக வேண்டாம், அன்றைக்கு அதற்கு ஓய்வு.

சுகுமாறன்: நம் நாட்டு டீசலின் தரம்தான் உயர்ந்துவிட்டதே! 2021 ஏப்ரல் முதல் யூரோ 5தானே விற்கிறார்கள்?

மாணிக்கம்: கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்குக் குறைந்ததால்தான் இப்படிப்பட்ட எஞ்சின்களை இங்கே நிம்மதியாக ஓட்ட முடிகிறது, அது உண்மை. ஆனால் வகுப்பு வாசலில் நிற்கும் வண்டிக்கு எந்த எண்ணெயை ஊற்றினாலும் அது நின்றுகொண்டுதான் இருக்கும். நீ நிஜமாகவே டீசல்தான் வேண்டும் என்றால், ஃபோர்ச்சூனரில் இருக்கும் 2.8 லிட்டர் நாலு சிலிண்டரைப் பார். 500 நியூட்டன் மீட்டர். நான்கே இன்ஜெக்டர். 3,000 சிசிக்குள் அடங்குவதால் சாலை வரியும் எகிறாது.

சுகுமாறன்: 500 போதுமா, அண்ணே?

மாணிக்கம்: வீணையை மைசூர் வீணை, தஞ்சாவூர் வீணை என்று இரண்டாகவே ஏற்று, போதும்.

சுகுமாறன்: நாளைக்கே நான் காட்டுக்குப் போக நேர்ந்தால்?

மாணிக்கம்: எந்தக் காடு?

சுகுமாறன்: பினாங்கு மலைக்குத் தாவரவியல் பூங்காப் பக்கத்திலிருந்து ஜீப் பாதை போகிறதே.

மாணிக்கம்: அதில் அனுமதி பெற்ற வண்டிகளைத்தான் விடுவார்கள், நீ நடந்து ஏறலாம். தண்ணீர்மலைப் படிகளையும் வருடாவருடம் தைப்பூசத்துக்கு நடந்துதானே ஏறுகிறாய்? சரி, காட்டை விடு. உங்கள் கொண்டோ வாசலில் உயரக் கம்பி ஒன்று தொங்குமே, எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள்?

சுகுமாறன்: 2.1 மீட்டர். வண்டியின் உயரம் இரண்டு மீட்டருக்குள்தான், பார்த்துவிட்டேன்.

மாணிக்கம்: கூடாரத்தோடு பார்த்தாயா?

சுகுமாறன்: …கூடாரத்தைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

மாணிக்கம்: எங்கே? வீணைக்குப் பக்கத்திலா?

(சுகுமாறன் கைப்பேசியை எடுத்து, தாம் தயாரித்திருந்த ஒப்பீட்டு அட்டவணையைக் காட்டினார். சிலிண்டர், டர்போ, முறுக்குவிசை, சுற்று, கியர் என்று பத்தி பத்தியாக இருந்தது. எங்கே ஓட்டப்போகிறோம் என்பதற்கு மட்டும் ஒரு பத்தி இல்லை. இப்படிப்பட்ட அட்டவணைகளை நான் வேறு கைப்பேசிகளிலும் பார்த்திருக்கிறேன். எதிலும் அந்தப் பத்தி இருந்ததில்லை.)

மாணிக்கம்: தம்பி, ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. 2024 ஜூன் 9ஆம் தேதிவரை தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசு. விவசாயி பிழைக்க வேண்டும், லாரிக்காரன் பிழைக்க வேண்டும் என்று சொல்லித்தான் அரசாங்கம் மீதியைக் கட்டியது. அதே பம்பில், அதே விலையில், 2.5 டன் வண்டியில் தனியாக வந்து நின்றவர்களும் தொட்டியை நிரப்பிக்கொண்டு போனார்கள். ஒரே நாளில் 3 வெள்ளி 35 காசு ஆனபோது, பாலிக் புலாவிலிருந்து பழைய நாலு சிலிண்டர் பிக்கப்பில் பழம் இறக்குகிறவர்தான் மாதம் 200 வெள்ளி உதவித்தொகைக்காகப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அவரிடம் போய் உன் வண்டியின் முறுக்குவிசை எவ்வளவு என்று கேட்டுப் பார். தெரியாது என்பார். எத்தனை கூடை ஏறும் என்று கேள், உடனே சொல்வார்.

சுகுமாறன்: நான் அப்போது டீசல் வண்டி வைத்திருக்கவில்லையே, அண்ணே.

மாணிக்கம்: அதனால்தான் உன்னிடம் சொல்ல முடிகிறது. வைத்திருந்தவர்களிடம் சொன்னால் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள்.

சுகுமாறன்: சரி, இவ்வளவு நேரம் பேசியதில் உங்கள் முடிவு என்ன? 300இன் வி ஆறா, டிஃபெண்டரின் நேர் ஆறா?

மாணிக்கம்: 2.8 என்று சொன்னேன்.

சுகுமாறன்: அதைத் தவிர்த்து?

மாணிக்கம்: அதைத் தவிர்த்து என்றால், நீ எதைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறாயோ அதைச் சொல். நான் தலையாட்டிவிட்டு மைவிக்கு எண்ணெய் மாற்றப் போகிறேன்.

சுகுமாறன்: உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன வாரமே முன்பணம் கட்டிவிட்டேன். லேண்ட் குரூசர் 300, ஜப்பானிலிருந்து வந்த ரீகொண்டிஷன். நீங்களும் அதையே சொல்லிவிட்டால் வீட்டில் பேசுவதற்கு வசதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

மாணிக்கம்: வீட்டில் இன்னும் சொல்லவில்லையா? சரி, கட்டியது கட்டியாகிவிட்டது. வண்டி வந்ததும் டீசல் வடிகட்டியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடு. இன்றைய டீசல் பம்பு 2,000 பாரையும் தாண்டிய அழுத்தத்தில் வேலை செய்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடப் பொறுத்துக்கொள்ளாது.

சுகுமாறன்: அது… டீசல் இல்லை, அண்ணே.

மாணிக்கம்: என்ன?

சுகுமாறன்: டீசல் வண்டிக்குக் காத்திருக்க வேண்டுமாம். பெட்ரோலில் வெள்ளை நிறம் கையிருப்பில் இருந்தது. 3.4 லிட்டர், வி ஆறு, அதிலும் இரண்டு டர்போ, 415 குதிரைத்திறன். முறுக்குவிசை மட்டும் 650.

மாணிக்கம்: ஐம்பது குறைகிறதே! டிஃபெண்டரில் ஒப்பாத மனம் இதில் எப்படி ஒப்பியது? வீணை ஏறுமா?

சுகுமாறன்: விலையையும் பார்க்க வேண்டாமா? 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து ரோன் 95 பெட்ரோலை லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்குக் கொடுக்கிறார்கள். டீசலைவிட அதுதானே மலிவு?

மாணிக்கம்: மலிவுதான். ஆனால் அந்த எஞ்சினுக்கு ஜப்பானிலேயே உயர் ஆக்டேன் பெட்ரோலைத்தான் ஊற்றச் சொல்கிறார்கள். இங்கே அதற்கு ரோன் 97 என்று பெயர். அதற்குச் சலுகை விலை கிடையாது. சந்தை என்ன சொல்கிறதோ அதுதான்.

(சுகுமாறன் வெகுநேரம் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தார்.)

சுகுமாறன்: அண்ணே, 97 ஊற்றினால் முறுக்குவிசை கொஞ்சம் கூடுமா?