வைரஸ் போச்சு, பேக்கப்பும் போச்சு

தக்கலையில் சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். யாரோ கொண்டுவந்த பென் டிரைவில் வைரஸ். ஆன்டிவைரஸ் அதை ஒருவழியாகத் துரத்தியது, சரி. அன்றிலிருந்து கோப்புகளுக்கு மாற்று நகல் எடுத்துவைக்கும் பேக்கப் மட்டும் ஓடமாட்டேன் என்றது. பாதியில் நின்று ஏதோ ஒரு பிழை எண்ணைக் காட்டும். அதற்கு அர்த்தம் தேடுவதற்குள் ஆதார் நகலுக்கு நாலு பேர் நிற்பார்கள். பேக்கப் மென்பொருளை மூன்று முறை அழித்து மறுபடி நிறுவினேன். குற்றம் அதன்மேல் இல்லையாம்! விண்டோஸில் வால்யூம் ஷேடோ காப்பி என்றொரு சேவை. திறந்திருக்கும் கோப்புகளை நகலெடுக்க பேக்கப் நம்பியிருப்பது அதைத்தான். வைரஸ் போகிற போக்கில் அதை முடக்கிவிட்டிருக்கிறது. அந்தச் சேவை முன்பு எடுத்துவைத்திருந்த நிழல் நகல்களையும் (ஷேடோ காப்பி) துடைத்திருக்கிறது, பாவி. சேவையை மறுபடி இயக்கினேன், பேக்கப் ஓடியது. 82 சதவீதத்தில் மழை தூறியது. கரண்ட் போய்விட்டது.