துப்பாக்கி ரெயில் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு டயல் கேஜ் வாங்குங்க

எங்க அக்கா மகன் டெக்சாஸ்ல இருக்கான். ஒரு மைலுக்கு அப்பால இரும்புத் தகடு வெச்சு சுடற பந்தயத்துல ரெண்டு வருஷமா இறங்கியிருக்கான். போன மாசம் கூப்பிட்டு, "மாமா, இருக்கற அட்ஜஸ்டபிள் ரெயில்ல ஜீரோ நிக்க மாட்டேங்குது. 150 எம்ஓஏ வரைக்கும் போற பெரிய ரெயிலா வாங்கிடட்டுமா?"ன்னு கேட்டான். ரெயில்னா துப்பாக்கி மேல ஸ்கோப்பை, அதாவது குறி பார்க்கற தொலைநோக்கியை, பொருத்தற பட்டை. அட்ஜஸ்டபிள்னா ஒரு முனையில கீல், இன்னொரு முனையில திருகு வெச்சு அதைச் சாய்க்கலாம். எம்ஓஏங்கறது கோண அளவு, ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு. ஜீரோன்னா குறி வெச்ச இடத்துலேயே குண்டு படற மாதிரி அமைச்ச நிலை. நான் வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைக்காரன். பட்டாளத்துல இ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியியல்) பிரிவுல ஆயுதம் பழுது பார்த்தவன், இப்போ ராணிப்பேட்டை சிப்காட்ல டூல் ரூம் வேலை. அதான் என்கிட்ட கேட்டான்.

எம்ஓஏ பெருசா இருந்தா ரெயில் நல்லதுன்னு நினைக்கறதே தப்பு.

தூரம் போகப் போக குண்டு தாழும், அதை ஈடுகட்ட ஸ்கோப்பை ஏத்தணும். ஸ்கோப்ல மேலயும் கீழயும் நகர்த்தற அளவு, அதாவது எலிவேஷன், மொத்தம் 100 எம்ஓஏ இருக்குன்னு வெச்சுக்குங்க. தட்டையான ரெயில்ல ஜீரோ பண்ணா அதுல பாதிதான் கைக்கு வரும், மீதி கீழ்ப்பக்கம் வீணாப் போகும். 40 எம்ஓஏ சாய்வு இருக்கற ரெயில் போட்டா 90 கிடைக்கும். 1,500 மீட்டர் வரைக்கும் சுடறவருக்கு அதுவே தாராளம். அசையற பாகமே இல்லாத ஒத்தை எஃகுத் துண்டு, அதை மாத்தாதீங்க. அமெரிக்காவுல ராட்டன்ல நடந்த கிங் ஆஃப் 2 மைல்ஸ் போட்டி மாதிரி 3.2 கிலோமீட்டருக்குப் போறவங்களுக்கு 100 எம்ஓஏவுக்கு மேல வேணும். நம்ம வேலூர் கோட்டையிலிருந்து காட்பாடி ஸ்டேஷனுக்குக் கிட்டத்தட்ட பாதி வழி அது. அங்கேதான் ரெயிலையே சாய்க்க வேண்டி வருது. ஸ்கோப்பை அதோட கடைசி எல்லை வரைக்கும் திருகினா பக்கவாட்டு அட்ஜஸ்ட்மெண்டும் குறைஞ்சுடும், குழாய் உருண்டையாச்சே.

இப்போ டூல் ரூம் கணக்கு. ரெயில்ல கீலுக்கும் திருகுக்கும் நடுவுல 150 மில்லிமீட்டர்னா, 1 எம்ஓஏங்கறது 0.044 மில்லிமீட்டர்தான். டயல் கேஜ்ங்கறது நுண்ணிய அசைவை முள்ளால காட்டற அளவுக் கருவி, அதுல ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். அந்த ஒரு கோடு ஆட்டம் குண்டை 2 மைல்ல 21 சென்டிமீட்டர் தள்ளிடும்.

அவனை ஒரு டயல் கேஜும் மேக்னட் ஸ்டாண்டும் வாங்க வெச்சேன். வீடியோ கால்ல, பின் முனையில முள்ளை வெச்சு 60 எம்ஓஏ ஏத்தித் திரும்ப ஜீரோவுக்கு இறக்கச் சொன்னேன். முள் மூணு கோடு தள்ளி நின்னுச்சு. "மாப்ள, ஜீரோவைத் தாண்டி இறக்கிட்டு, மறுபடி ஏத்திக் கொண்டாந்து நிறுத்து"ன்னேன். முள் சரியா வந்துடுச்சு. லேத்ல கிராஸ் ஸ்லைடு ஓட்டினவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பேக்லாஷ்தான், திருகு மரையில இருக்கற தளர்வு, எப்பவும் ஒரே பக்கமிருந்து வரணும். பாதிப் பிரச்சினை அதோட போச்சு.

மீதிப் பாதிதான் எனக்கு வயித்தெரிச்சல். சாய்வை இறுக்கிப் பிடிக்கற லாக் போல்ட்டை டார்க் ரென்ச்ல (இறுக்கத்தை அளந்து முறுக்கற ஸ்பேனர்) முறுக்கறப்போ முள் திரும்ப நகர்ந்துச்சு. ஒரு தடவை ஒரு கோடு, அடுத்த தடவை மூணு, அப்புறம் ரெண்டு. எப்பவும் ரெண்டே கோடுன்னா கணக்குல கழிச்சுடலாம். இப்படி மாறி மாறி வந்தா என்னத்தைக் கழிக்கறது? அது செஞ்சவங்க விட்ட குறை. அவ்வளவு காசு வாங்கிட்டு லாக் போடற முகத்தைச் சரியா கிரைண்ட் பண்ணாம அனுப்பியிருக்காங்க.

அதனால கடைக்காரர்கிட்ட எத்தனை எம்ஓஏன்னு கேக்காதீங்க. பத்து தடவை ஏத்தி இறக்கி லாக் பண்ணா முள் எங்கே நிக்குதுன்னு கேளுங்க. கீல் பின் எவ்வளவு தடிமன், லாக் ரெண்டு பக்கமும் பிடிக்குதான்னு பாருங்க. ஒவ்வொரு தடவை சுடும்போதும் ஒரு கிலோ ஸ்கோப்போட உதை அந்தப் பின்மேலயும் லாக்மேலயும்தான் விழும்.

ரெயில்ல சின்ன லெவல் (ரசமட்டம்) ஒண்ணு கட்டாயம் வேணும். 100 எம்ஓஏ ஏத்தின துப்பாக்கி ஒரே ஒரு டிகிரி பக்கவாட்டுல சாஞ்சாலும் 2 மைல்ல குண்டு ஒன்றரை மீட்டருக்கு மேல ஒதுங்கிடும். இதைச் சொன்னப்போ அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. 150 எம்ஓஏ ரெயிலை இப்போதைக்கு விட்டுட்டு முதல்ல லெவல்தான் வாங்கியிருக்கான். ஞாயித்துக்கிழமை பொருத்திட்டுக் கூப்பிடறேன்னான்.