நீல் யங்கை எங்கிருந்து ஆரம்பிப்பது? தயவுசெய்து ‘ஹார்வெஸ்ட்’டிலிருந்து வேண்டாம்

அலுவலகத்தில் என் பக்கத்து சீட்டில் ஒரு தம்பி. வயது 24. போன வாரம் டீ குடிக்கப் போனபோது கேட்டான்: “அண்ணே, எப்பப் பார்த்தாலும் நீல் யங், நீல் யங்னு சொல்றீங்களே, எதுல ஆரம்பிக்கிறது? தேடிப் பார்த்தா லிஸ்ட் முடியவே மாட்டேங்குது.”

நியாயமான கேள்வி. 1945-ல் கனடாவின் டொராண்டோவில் பிறந்த ராக் பாடகர், ஸ்டுடியோ ஆல்பங்கள் மட்டுமே 40-க்கு மேல் போட்டிருக்கிறார். கச்சேரிப் பதிவுகள் தனி. அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு ஊரே மறந்த பிறகு வெளியே விட்டவை இன்னொரு கணக்கு. 1976-ல் ஒரே ராத்திரியில் தனியாக உட்கார்ந்து பாடிய ‘ஹிட்ச்ஹைக்கர்’ 2017-ல் வந்தது. 1975-ல் வந்திருக்க வேண்டிய ‘ஹோம்க்ரோன்’ 2020-ல் வந்தது. எந்தக் கதவைத் தட்டுவது என்று புதிதாக வருகிறவன் திகைப்பதில் ஆச்சரியமே இல்லை.

நான் சொன்ன முதல் பதில்: “‘ஹார்வெஸ்ட்’ல மட்டும் ஆரம்பிக்காதே.” அவன் முழித்தான். யாரைக் கேட்டாலும் அதைத்தானே முதலில் சொல்வார்கள்.

மோசமான ஆல்பம் என்று சொல்லவில்லை. 1972-ல் அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பமே அதுதான். ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ அங்கே முதலிடத்துக்குப் போனது. இத்தனை வருடத்தில் அவர் தனியாகப் பாடி முதலிடம் பிடித்த ஒரே பாட்டு அது. அப்போது அவருக்கு முதுகு சரியில்லை. எலக்ட்ரிக் கிட்டாரின் கனத்தைத் தோளில் தாங்க முடியாமல் உட்கார்ந்தபடி அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்தார். நாஷ்வில்லில் ஒரு டிவி நிகழ்ச்சிக்கு வந்திருந்த ஜேம்ஸ் டெய்லரும் லிண்டா ரான்ஸ்டாட்டும் பின்குரல் கொடுத்தார்கள். எல்லாம் இதமாக, இனிப்பாக அமைந்துவிட்டது. லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துச் செய்த இரண்டு பாட்டும் எனக்கு வெல்லம் கூடிப்போன பாயசம்தான். ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

பிரச்சினை அந்த இனிப்பில்தான். அது வழியாக உள்ளே வருகிறவன், மற்ற ஆல்பங்களிலும் அதையே தேடுவான். கிடைக்காதபோது, இந்த ஆள் என்னவோ வழி தவறிவிட்டார் என்று முடிவு கட்டிவிடுவான். எனக்கு அப்படித்தான் ஆனது. காலேஜ் ஹாஸ்டலில் ஒரு சீனியர் சிடியில் ஏற்றிக் கொடுத்த ‘ஹார்வெஸ்ட்’டைத் தேயத் தேயக் கேட்டுவிட்டு, அடுத்ததாக ‘டுநைட்ஸ் த நைட்’டை எங்கிருந்தோ டவுன்லோட் செய்தேன். கேட்டதும் ஃபைல்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். குரல் ஒரு நேரம் பக்கத்தில் கேட்கிறது, ஒரு நேரம் தள்ளிப் போகிறது. ‘மெல்லோ மை மைண்ட்’ பாட்டில் மேலே ஏறும் இடத்தில் தொண்டை அப்படியே உடைகிறது. அழித்துவிட்டு வேறொரு இடத்திலிருந்து இறக்கினேன். அதிலும் அப்படியேதான் உடைந்தது! அதோடு மூடி வைத்தவன் ஏழெட்டு வருடம் அந்தப் பக்கம் போகவில்லை.

ஃபைலில் ஒன்றுமில்லை. அது அப்படிப் பாடப்பட்ட ஆல்பம்தான். நீல் யங்கோடு வாசித்த முரட்டுக் குழுவான கிரேஸி ஹார்ஸில் கிட்டார் வாசித்தவர் டேனி விட்டன். ஹெராயின் பிடியில் இருந்தார். 1972 நவம்பரில் ஒத்திகையில் அவரால் வாசிக்கவே முடியாமல் போனது. கையில் 50 டாலரும் விமான டிக்கெட்டும் கொடுத்து நீல் யங் ஊருக்கு அனுப்பினார். அன்றிரவே விட்டன் இறந்துபோனார். அடுத்த வருடம் அவர்களுடைய கச்சேரிச் சாமான்களைக் கவனித்த புரூஸ் பெர்ரி ஹெராயினுக்குப் பலியானார். மிச்சமிருந்தவர்கள் 1973 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஹாலிவுட்டில் ஒரு ஒத்திகைக் கூடத்தில் கூடி, டெக்கீலா குடித்து, நடுராத்திரி தாண்டிய பிறகு வாசித்ததுதான் இந்த ஆல்பம். துஷ்டி வீட்டில் யாராவது சுருதி சரிபார்ப்பார்களா? அதன் நடுவில் ஒரு பாட்டு மட்டும் 1970-ல் நடந்த ஒரு கச்சேரியில் பதிவானது. அதில் முன்னணிக் குரல் விட்டனுடையது. யாருக்காகத் துக்கம் கொண்டாடுகிறார்களோ அவரே நடுவில் எழுந்து உற்சாகமாகப் பாடுகிறார். இது தெரிந்தபின் அந்தப் பாட்டை என்னால் சும்மா கேட்க முடிந்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதற்கான தடயம் ‘ஹார்வெஸ்ட்’டிலேயே இருக்கிறது. ‘த நீடில் அண்ட் த டேமேஜ் டன்’. இரண்டே நிமிடம்தான், ஒரு கிட்டார், ஒரு குரல், ஊசியைப் பற்றிய பாட்டு. விட்டன் உயிரோடு இருந்தபோதே கச்சேரியில் பாடிப் பதிந்தது. பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போதே கத்தரித்ததுபோல் அறுந்து அடுத்த பாட்டு விழும். அந்த வெட்டை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். என்ன பாட்டு என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. இனிப்பு அப்படித்தான் காதை அடைக்கும்.

‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ தன்னை நடுச்சாலையில் கொண்டுபோய் விட்டது, அங்கே போவது சீக்கிரமே அலுத்துவிட்டது, அதனால் பள்ளத்தைப் பார்த்து வண்டியைத் திருப்பினேன் என்று அவரே 1977-ல் ‘டெக்கேட்’ தொகுப்பின் குறிப்பில் எழுதினார். வழி தவறவில்லை, தெரிந்தே திருப்பியிருக்கிறார்.

சரி, அப்புறம் எதில்தான் ஆரம்பிப்பது? என் ஓட்டு 1979-ல் வந்த ‘ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்’க்கு. எல்பி இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க அக்கூஸ்டிக். திருப்பிப் போட்டால் கிரேஸி ஹார்ஸோடு இரைச்சல். பெரும்பகுதி 1978 கச்சேரிகளில் பதிந்து, பிறகு கூட்டத்தின் சத்தத்தை முடிந்தவரை நீக்கியது. முதலில் வரும் பாட்டே சில வரிகள் மாறி கடைசியிலும் வரும். ஆரம்பத்தில் திண்ணையில் உட்கார்ந்து தனக்குத்தானே பாடிக்கொள்வதுபோல் இருக்கும். முடிவில் அதே மெட்டு, ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று எழுந்து பார்க்க வைக்கும். இந்த ஆளுக்குள் இருக்கும் இரண்டு பேரையும் முக்கால் மணிக்கும் குறைவான நேரத்தில் பார்த்துவிடலாம். அதன்பிறகு எந்தப் பக்கம் போனாலும் ஏமாற்றம் கிடையாது.

மென்மைதான் பிடித்திருக்கிறது என்றால் ‘லைவ் அட் மாசி ஹால் 1971’. சொந்த ஊரான டொராண்டோவில் தனியாளாக நடத்திய கச்சேரி, 2007-ல்தான் வெளியானது. ‘ஹார்வெஸ்ட்’டின் பாட்டுகள் சில இதில் ஜோடனை இல்லாமல் கிடைக்கும். ‘ஹார்வெஸ்ட்’டுக்குப் பதில் இதையே வெளியிடலாம் என்று அவருடைய தயாரிப்பாளர் டேவிட் பிரிக்ஸ் அப்போதே மல்லுக்கட்டினார். நான் பிரிக்ஸ் கட்சி. அடுத்து ‘ஆஃப்டர் த கோல்ட் ரஷ்’, அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம்.

இரைச்சல் பிடித்திருந்தால் ‘எவ்ரிபடி நோஸ் திஸ் இஸ் நோவேர்’, 1969. அதன் மூன்று முக்கியமான பாட்டுகளையும் கடும் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒரே நாளில் எழுதினார். அதில் ‘சின்னமன் கேர்ள்’ கிட்டார் சோலோவைக் கவனியுங்கள். ஒரே ஸ்வரம். திரும்பத் திரும்ப அதே ஸ்வரம். கிட்டார் கற்றுக்கொண்ட முதல் வாரத்தில் யாரும் வாசித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு தட்டும் வேறு மாதிரி விழுகிறது. விரல் வேகத்தைக் காட்டும் கிட்டார்காரர்கள் மேல் எனக்கு மரியாதை குறைய ஆரம்பித்தது இதற்கப்புறம்தான்.

இரண்டும் பழகியபின் ‘ஆன் த பீச்’. 1974-ல் வந்தது, 2003 வரை சிடியாகக்கூடக் கிடைக்கவில்லை. அட்டையில் மணலில் புதைந்த கார், வால் மட்டும் வெளியே தெரியும். மஞ்சள் சட்டைக்காரர் நமக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நிற்பார். இரண்டாம் பக்கத்தில் மூன்றே பாட்டு, மூன்றும் மெதுவானவை. தனியாகக் கேட்க வேண்டியது. ‘டுநைட்ஸ் த நைட்’டை அதற்கும் அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளை இப்போதைக்குத் தாண்டிவிடலாம். இவர் பாட்டு இவர் பாட்டு மாதிரியே இல்லை என்று ரெக்கார்டு கம்பெனியே 33 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்ட காலம் அது. ஆனால் ‘ட்ரான்ஸ்’ஸைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எந்திரக் குரலில் பாடியிருப்பார், சொல் பாதி புரியாது. அவருடைய மகன் பென் பெருமூளை வாதத்தோடு பிறந்தவர், பேச முடியாது. சொல்ல வந்தது எதிரில் இருப்பவருக்குப் போய்ச் சேராத அந்த நிலைதான் ஆல்பமே. பழகியபின் திரும்பி வந்து கேளுங்கள்.

தம்பிக்கு இவ்வளவும் சொல்லவில்லை. டீ பிரேக் பதினைந்து நிமிடம்தான். ‘ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்’ பெயரை அவன் போனில் டைப் செய்து கொடுத்தேன். 2022-ல் சண்டை போட்டுக்கொண்டு ஸ்பாட்டிஃபையிலிருந்து போனவர் 2024-ல் திரும்பிவிட்டதால் தேடி அலைய வேண்டியதில்லை. “ரெண்டாவது பக்கத்துல முதல் பாட்டு, ‘பவுடர்ஃபிங்கர்’, அதை மட்டும் வரிகளோட கேளு” என்றேன்.

ஆற்றில் ஒரு வெள்ளைப் படகு வருகிறது. வீட்டில் அப்பா இல்லை, சகோதரன் வேட்டைக்குப் போயிருக்கிறான். கரையில் நிற்பவனுக்கு 22 வயது, கையில் அப்பாவின் துப்பாக்கி. அவன்தான் கதை சொல்கிறான். கதை முடியும்போதுதான் எங்கிருந்து சொல்கிறான் என்பதே நமக்கு உறைக்கும்.

மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸப்பில் வந்தது: “அண்ணே, சுட்டது யாரு? படகுல வந்தவனா, இல்ல இவன் துப்பாக்கியே வெடிச்சிடுச்சா?”

எனக்கும் அதில் சந்தேகம்தான். எழுந்து ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டேன்.