காலாவதியாகும் இணையப் பெயரைப் பெற, முதலில் பழைய உரிமையாளரைத் தேடுங்கள்

நம் மலேசியாவில் தமிழ்ச் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் அமைப்புகளும் நடத்தி வந்த இணையத்தளங்கள் ஓசையின்றி மறைந்து, சில மாதங்களில் அதே முகவரியில் சூதாட்ட விளம்பரங்கள் முளைப்பதைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதன் பிறகுதான் செயலவையினர் பதறிப்போய், பெயரைத் திரும்பப் பெற வழி கேட்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் நேராக ஏலத்தளங்களையோ, பெயர் விடுபட்டதும் நமக்காக அதைப் பிடித்துத் தர முயலும் முன்பதிவுச் சேவைகளையோ நாடுகிறார்கள். அவை கடைசி வழிகள் என்பதும், பழைய உரிமையாளரையோ அவர் குடும்பத்தாரையோ தேடிப் பிடிப்பதே முதல் வழி என்பதும் என் உறுதியான கருத்து.

டொமைன் எனப்படும் இணையப் பெயரை நாம் விலைக்கு வாங்குவதில்லை. 99 ஆண்டுக் குத்தகை நிலத்தில் வீடு வாங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். இங்கே குத்தகைக் காலம் குறைந்தது ஓராண்டு, கூடியது 10 ஆண்டுகள். டாட் காம், டாட் நெட் பெயர்களின் மூலப் பதிவேட்டை வெரிசைன் நிறுவனம் பராமரிக்கிறது. விதிகளை வகுப்பது ஐகேன் அமைப்பு. நாம் பணம் கட்டுவதோ இவ்விரண்டுக்கும் அன்று, இடையில் உள்ள பதிவு நிறுவனத்துக்கு. காலாவதிக்குப் பிறகு நடப்பவற்றில் பெரும்பகுதி அந்தப் பதிவு நிறுவனத்தின் கையில் இருப்பதால், பெயர் எந்த நிறுவனத்திடம் பதிவாகியுள்ளது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தேதி முடிந்த மறுநாளே பெயர் எவருக்கும் கிடைக்கும் என்பது பரவலான தவறான எண்ணம். டாட் காம் பெயரின் தேதி முடிந்ததும் மூலப் பதிவேடு அதைத் தானாகவே ஓராண்டுக்குப் புதுப்பித்துவிடுகிறது; உரிமையாளர் பணம் கட்டாவிட்டால், அந்தப் புதுப்பிப்பை ரத்துசெய்து பெயரை நீக்கப் பதிவு நிறுவனத்துக்கு 45 நாள் வரை அவகாசம் உண்டு. இந்த இடைவெளியில், எவரும் இணையத்தில் தேடிப் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டைப் பார்ப்பவருக்கு அடுத்த ஆண்டுத் தேதி தெரியும். "யாரோ கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது" என்று நம்பிப் பலரும் தேடுவதை நிறுத்திவிடுவது இங்கேதான். தேதியை நம்பாமல், அதே பக்கத்தில் சற்றுக் கீழே உள்ள நிலைக்குறிப்பைப் படிக்க வேண்டும். தானியங்கிப் புதுப்பிப்புக் காலம் (autoRenewPeriod) என்று அங்கே இருந்தால், உரிமையாளர் இன்னும் பணம் கட்டாமல் இருக்கலாம்; ஆனால் அதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. நீக்குவதற்கு முன் குறைந்தது 8 நாளாவது தளம் இயங்காமல் நிறுத்தப்பட வேண்டும் என்பது ஐகேன் விதி. உரிமையாளர் கவனிக்கட்டும் என்பதற்காகவே அந்த விதி வைக்கப்பட்டது. ஆனால் சங்கத் தளத்தை அதன் செயலவையே மாதக்கணக்கில் திறந்து பார்க்காதபோது அந்த எச்சரிக்கை யாரையும் சென்றடைவதில்லை.

பதிவு நிறுவனம் பெயரை நீக்கிய பின் 30 நாள் மீட்புக் காலம் தொடங்குகிறது. இந்த நாள்களில் வெளியார் எவ்வளவு பணம் நீட்டினாலும் பெயர் கிடைக்காது. பழைய உரிமையாளர் மட்டுமே, தம் பழைய பதிவு நிறுவனத்தின் வழியாக, ஆண்டுக் கட்டணத்தைவிடப் பொதுவாகப் பல மடங்கு கூடுதலான மீட்புக் கட்டணத்தைச் செலுத்தி அதை மீட்க முடியும். செந்தூலில் இயங்கும் ஒரு வாசகர் வட்டத்தின் பெயர் இந்த நிலையில் இருந்தபோதுதான் என்னிடம் வந்தார்கள். பெயரைப் பதிவு செய்திருந்த முன்னாள் செயலாளர் காலமாகிவிட்டார். கிள்ளானில் இருக்கும் அவர் மகளைக் கண்டுபிடித்துப் பேசினோம். அப்பாவின் மின்னஞ்சலை அவர் திறந்து பார்த்தபோது, ஒரு மாதத்துக்கு முன் ஒன்று, ஒரு வாரத்துக்கு முன் ஒன்று, தேதி முடிந்தபின் ஒன்று என்று விதிப்படி வந்திருந்த மூன்று அறிவிப்புகளும் வங்கிக் கடிதங்களுக்கும் விற்பனை விளம்பரங்களுக்கும் நடுவே படிக்கப்படாமல் கிடந்தன. "அப்பா இருந்திருந்தால் அன்றைக்கே கட்டியிருப்பார், அங்கிள்" என்று சொன்ன அந்தப் பெண், நிறுவனம் கேட்ட ஆவணங்களை அனுப்பி, மீட்புக் கட்டணத்தையும் தாமே கட்டுவதாகச் சொன்னார். வட்டத்தினர் அதை ஏற்காமல் தாங்களே கட்டினார்கள். ஏலமும் இல்லை, போட்டியும் இல்லை.

உரிமையாளர் கிடைக்கவே இல்லை, அல்லது அவருக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்றால் மட்டும் அடுத்த வழிக்குப் போகலாம். பல பெரிய பதிவு நிறுவனங்கள், காலாவதியான பெயரை நீக்காமல், அவகாச நாள்களிலேயே ஏலத்தில் விட்டு, வென்றவர் பெயருக்கு மாற்றிவிடுகின்றன. ஆகவே மதிப்புள்ள பெயர் நீக்க நிலைக்கு வரும் என்று காத்திருப்பவர் ஏமாந்து போவார். அந்த நிறுவனத்தின் ஏலப் பட்டியலைக் கவனிப்பதே பயன் தரும். ஏலத்திலும் விடுபட்டு, மீட்புக் காலமும் கடந்த பெயர், 5 நாள் நீக்கக் காத்திருப்பில் கிடந்து, பிறகு முந்தியவருக்குச் சொந்தமாகிறது. டாட் காம் பெயர்கள் விடுபடுவது நம் நேரப்படி அதிகாலை 2 அல்லது 3 மணியளவில். விழித்திருந்து கையால் பதிவு செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். முன்பதிவுச் சேவைகள் பல பதிவு உரிமங்களை வைத்துக்கொண்டு, ஒரே நொடியில் பல இணைப்புகளில் முயல்கின்றன. கிடைத்தால் மட்டுமே பணம் என்னும் சேவைகள் உண்டு என்பதால், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சொல்லிவைப்பதில் இழப்பில்லை. உச்சத் தொகையைச் செயலவைக் கூட்டத்தில் முடிவு செய்து குறிப்பேட்டில் எழுதிய பிறகே ஏலத்தில் இறங்க வேண்டும்.

"நம் சிறிய சங்கத்தின் பெயர் யாருக்கு வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாளிதழ்களும் பள்ளிகளும் பல ஆண்டுகளாக இணைப்புக் கொடுத்த முகவரிக்குத் தேடுபொறிகளில் ஒரு மதிப்பு சேர்ந்திருக்கிறது; சூதாட்டக்காரர்கள் குறிவைப்பது அதையே. அதைவிடப் பெரிய ஆபத்து மின்னஞ்சல். பெயரைப் பெற்ற புதியவர், அந்தப் பெயரில் முடியும் பழைய முகவரிகள் அனைத்துக்கும் வரும் கடிதங்களையும் பெற முடியும். பொருளாளர் பழைய முகவரியில் தொடங்கிய கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்புகளும் அவரிடமே போய்ச் சேரும். மறதி சிறிய அமைப்புகளுக்கு மட்டும் உரியதன்று. 1999 டிசம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனமே 35 டாலர் கட்டணத்தைக் கட்டத் தவறியதால் ஹாட்மெயில் பயனர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். வெளியாரான ஒரு நிரலாளர் தம் அட்டையில் அதைக் கட்டி உதவினார்.

அதே நேர்மையை நாமும் காக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் ஓர் ஆலயத்தின் பெயர் தவறிப் போவதைப் பார்த்தால், அதைப் பிடித்து விலை பேசுவது தகாது. தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். வணிகச் சின்னம் சார்ந்த பெயர்களில் தீய நோக்கோடு பதிவு செய்தவரிடமிருந்து பெயரைப் பறிக்க, ஐகேன் 1999 முதல் ஒரு தகராறுத் தீர்வுக் கொள்கையை வைத்திருக்கிறது. கைவிடப்பட்ட பெயராகவே இருந்தாலும், வாங்கும் முன் இணையக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பழைய பக்கங்களைப் பாருங்கள். இடையில் சூதாட்டத்துக்கோ மோசடிக்கோ பயன்பட்ட பெயரென்றால், அந்தக் கறையைத் தேடுபொறிகளிலும் மின்னஞ்சல் வடிகட்டிகளிலும் துடைக்க நீண்ட காலம் பிடிக்கும்.

மேலே சொன்ன நாள் கணக்குகளை டாட் மை பெயர்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். அவற்றை நிர்வகிக்கும் மைனிக் தனக்கென விதிகளை வைத்திருக்கிறது. டாட் காம் டாட் மை, டாட் ஓஆர்ஜி டாட் மை போன்றவற்றுக்குத் தகுதி நிபந்தனைகள் இருப்பதால், சங்கப் பதிவிலாகாவின் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு மைனிக் அங்கீகரித்த விற்பனையாளரிடம் நேரில் கேட்பதே சரி.

பெயர் கைக்கு வந்ததும் அதைச் சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்து, தானியங்கிப் புதுப்பிப்பையும், பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்றவிடாமல் தடுக்கும் பெயர்ப் பூட்டையும் இயக்கிவிடுங்கள். தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனில் முடியும் முகவரியாக இருக்கக் கூடாது. பெயர் காலாவதியானால் அந்த அஞ்சலும் நின்றுபோய், எச்சரிக்கைக் கடிதம் வந்து சேர இடமில்லாமல் போகும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் திறக்கக்கூடிய தனி முகவரி ஒன்றைக் கொடுத்து, அதன் கடவுச்சொல்லையும் டொமைனின் காலாவதித் தேதியையும் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் பின் புதிய செயலவையிடம் ஒப்படைக்கும் சொத்துப் பட்டியலில், வங்கிக் கணக்குக்கு அடுத்த வரியில் சேர்த்துவிடுங்கள்.